கடைசித் தவணைக்கு முன் ஒரு முழு நாள்

கேள்வி: நானும் என் கணவரும் முதல்முறையாக வீடு வாங்குகிறோம். புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. "வேலை முடிந்துவிட்டது. பத்து நாளுக்குள் கடைசித் தவணையைக் கட்டி, கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். தாமதித்தால் வட்டி உண்டு" என்று பில்டரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. போய்ப் பார்த்தோம். ஒருவர் கால் மணி நேரத்தில் எல்லா அறைகளையும் சுற்றிக் காட்டி அனுப்பிவிட்டார். படுக்கையறை ஜன்னலின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு மெல்லிய விரிசல் போகிறது. குளியலறையில் ஒரு மாதிரி வாடை. கேட்டதற்கு, "புது வீடென்றால் இப்படித்தான் இருக்கும், பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் தெரியாது" என்றார். வங்கிக்காரர்கள் பொறியாளரை அனுப்பிப் பார்த்துவிட்டுத்தானே கடன் கொடுத்தார்கள் என்கிறார் என் கணவர். முதலில் சாவியை வாங்குங்கள், மற்றதை அப்புறம் மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம் என்கிறார் மாமனார். நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயம் தேவையானதுதான். வீடு வாங்குபவர்கள் சார்பில் புதுக் கட்டடங்களைச் சோதித்துக் குறைகளை எழுதிக் கொடுப்பது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் மாமனார் சொல்லும் வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். முதலில் வீட்டை முழுதாகப் பார்க்க வேண்டும். பார்த்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். சரிசெய்ய வைக்க வேண்டும், அல்லது எந்தத் தேதிக்குள் சரிசெய்வார்கள் என்று எழுதி வாங்க வேண்டும். பணமும் சாவியும் அதற்குப் பிறகுதான்.

இதில் யாரையும் சந்தேகப்படும் விஷயம் இல்லை. ஒரு கட்டட வேலை எப்படி முடிகிறது என்று பாருங்கள். கடைசி மாதத்தில் குழாய் வேலைக்காரர், டைல்ஸ் கொத்தனார், பெயிண்டர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். மேற்பார்வையாளர் கீழே நிற்பார். ஒரு குறையைக் காட்டினால் அன்று மாலைக்குள் ஆள் வந்துவிடும். ஒப்படைப்பு முடிந்த மறுவாரம் இதே ஆட்கள் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார்கள். வெளிச்சுவரை ஒட்டிய சாரத்தையும் பிரித்து எடுத்துப் போயிருப்பார்கள். மூன்றாவது மாடி வெளிச்சுவரில் ஒரு விரிசலை அடைக்க மறுபடி சாரம் கட்ட யாருக்கு மனசு வரும்? நல்ல பில்டராகவே இருந்தாலும், பணம் வந்து சேர்ந்த வீட்டின் வேலை வரிசையில் பின்னால்தான் போகும். உங்கள் கையில் கடைசித் தவணை இருக்கும்வரைதான் உங்கள் வீடு அவர்களுடைய அவசர வேலை.

அதற்காகப் பணத்தைக் கட்ட மாட்டேன் என்று நிறுத்திவிடாதீர்கள். ஒப்பந்தத்தைப் படிக்காமல் அப்படிச் செய்தால் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும். முதலில் ஒப்பந்தத்தை எடுத்து மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள். கடைசித் தவணை எப்போது கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்: "வேலை முடிந்ததாக நிறுவனம் தெரிவித்ததும்" என்றா, "ஒப்படைக்கும்போது" என்றா? வேலை முடிந்தது என்பதை யார் தீர்மானிப்பது: பில்டரின் கடிதமா, கட்டடத்தில் குடியேறலாம் என்று உள்ளாட்சி தரும் சான்றா? குறைகளைச் சரிசெய்து தரும் பொறுப்புக் காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? இது சாவி வாங்கும் நாளிலிருந்தா, கடிதம் அனுப்பிய நாளிலிருந்தா என்பதில் மாதக்கணக்கில் வித்தியாசம் வரலாம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். எனவே இந்த மூன்று இடங்களையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பில்டர் கைகாட்டும் வழக்கறிஞர் வேண்டாம், உங்களுக்காக மட்டும் பார்ப்பவராக இருக்கட்டும். முழுத் தொகையை நிறுத்திவைக்க ஒப்பந்தம் இடம் தராவிட்டாலும், குறைகளுக்கு ஈடான ஒரு பகுதியை மட்டும் பொதுவான ஒருவரிடம் வைத்துவிட்டு மீதியைக் கட்டும் ஏற்பாட்டைப் பல பில்டர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

வட்டி என்று பயமுறுத்தியிருக்கிறார்கள் அல்லவா, அதையும் கணக்குப் போட்டுவிடலாம். உதாரணத்துக்கு, கடைசித் தவணை வீட்டு விலையில் 5 சதவீதம், தாமத வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து நாள் தாமதத்துக்கு ஆகும் வட்டி வீட்டு விலையில் ஏறக்குறைய 0.025 சதவீதம், அதாவது நாலாயிரத்தில் ஒரு பங்கு. ஒழுகும் ஒரு குளியலறையை உடைத்து மறுபடி போட ஆகும் செலவு இதைவிடப் பல மடங்கு. உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் எண்களைப் போட்டு நீங்களே பாருங்கள். அதன் பிறகு அந்தப் பத்து நாள் கெடு அவ்வளவு மிரட்டாது.

வங்கிப் பொறியாளர் விஷயத்தில் உங்கள் கணவர் நினைப்பது போலத்தான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அவர் வங்கிக்காக வந்தவர். கொடுக்கும் கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா, கடன் நின்றுபோனால் விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. கட்டடம் நிற்கிறதா, அனுமதிப்படி இருக்கிறதா, விலை நியாயமா என்று பார்த்துவிட்டுப் போவார். உங்கள் குளியலறையில் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லி வங்கி அவரை அனுப்பவில்லை. ஒன்று செய்யுங்கள்: கடைசித் தவணையை வங்கி நேராகப் பில்டருக்கு அனுப்பும் ஏற்பாடாக இருந்தால், உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அனுப்ப வேண்டாம் என்று நாளைக்கே வங்கிக்குக் கடிதம் கொடுத்துவிடுங்கள். பில்டர் கேட்டார், நாங்கள் அனுப்பிவிட்டோம் என்று வங்கி சொன்ன பிறகு உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

இனி அந்த விரிசலுக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பதை வைத்து அது ஆபத்தானதா இல்லையா என்று இங்கிருந்து சொல்ல முடியாது, யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

புதுக் கட்டடத்துக்குள் நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஒரு கன மீட்டர் கான்கிரீட் கலக்க ஏறக்குறைய 150 முதல் 200 லிட்டர் தண்ணீர் சேர்க்கிறார்கள். சிமெண்ட் இறுகுவதற்குத் தேவைப்படுவது அதில் பாதி போலத்தான். மீதித் தண்ணீரில் பெரும்பகுதி மெதுவாக வெளியேற வேண்டும். செங்கல் சுவர், பூச்சு, டைல்ஸுக்கு அடியில் போடும் தரைக் காரை எல்லாவற்றிலும் இதே கதை. தரைக் காரை நல்ல காற்றோட்டத்தில் ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் கனம் என்ற கணக்கில்தான் காயும். 50 மில்லிமீட்டர் கனமென்றால் ஏழு வாரம், அதற்கு மேல் கனம் கூடினால் இன்னும் மெதுவாக. கான்கிரீட்டின் வலிமையை 28 நாளில் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வலிமைக்கான கணக்கு. காய்ந்து முடிவது மாதக்கணக்கில் நடக்கும். காயும்போது சுருங்கும், மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் அளவுக்கு. அந்தச் சுருக்கத்தில் பூச்சில் மயிரிழை விரிசல்கள் வரும். ஆக "புது வீடென்றால் இப்படித்தான்" என்று அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது.

மறுபாதிக்கு அந்த விரிசல் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் நேராக மேலிருந்து கீழே ஒரு விரிசல் என்றால், இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கியிருக்கின்றன, பூசும்போது அந்த இணைப்பில் கம்பி வலை வைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பூச்சைக் கொத்தி எடுத்து, வலை அடித்து, மறுபடி பூச வேண்டும். பட்டி மட்டும் பார்த்தால் அடுத்த கோடையில் அதே இடத்தில் அதே கோடு வரும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போவது வேறு வகை. சுவரில் ஓட்டை விட்ட இடத்தின் மூலைகளில்தான் இழுவிசை குவியும். அது வெறும் பூச்சு விரிசலாகவும் இருக்கலாம். ஜன்னலுக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான லிண்டல் இரண்டு பக்கமும் சுவரில் போதுமான அளவு உட்காரவில்லை என்பதாகவும் இருக்கலாம், குறைந்தது 150 மில்லிமீட்டராவது உட்கார வேண்டும். அடித்தளம் ஒரு பக்கம் இறங்குவதாலும் இப்படி வரும்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு அளவுகோலை விரிசலுக்குப் பக்கத்தில் வைத்து, அளவு தெரியும்படி போட்டோ எடுங்கள். விரிசல் முடியும் இரண்டு நுனிகளிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். பிறகு பால்கனிக்கோ கீழேயோ போய் அதே ஜன்னலின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். அகலம் 1 மில்லிமீட்டருக்குள் இருந்து, வெளியே ஒன்றும் இல்லாமல், ஒரு மாதம் கழித்தும் நுனிகள் உங்கள் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் பெரும்பாலும் பூச்சுதான். சுவரின் இரண்டு பக்கமும் தெரிகிறது, ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் இருக்கிறது, செங்கல் வரிசையைப் பிடித்துப் படிக்கட்டு போல இறங்குகிறது, அந்த ஜன்னலோ பக்கத்துக் கதவோ இறுகி மாட்டுகிறது என்றால் கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்க்காமல் ஒரு கையெழுத்தும் போடாதீர்கள். எதுவாக இருந்தாலும் இப்போதைக்கு அதன் மேல் பட்டி வைக்க விடாதீர்கள். விரிசல் இருந்தால்தான் அது என்ன செய்கிறது என்று பார்க்க முடியும். நீங்கள் கேட்டீர்கள் என்பதற்காகவே நாளைக்கே ஆளை அனுப்பி மூடிவிடுவார்கள், அதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள்.

குளியலறை வாடைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். சாக்கடை வாடையென்றால் பெரிய விஷயமில்லாமலும் போகலாம். தரையில் இருக்கும் தண்ணீர் போகும் வாய்க்குக் கீழே வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், 50 மில்லிமீட்டர் அளவுக்கு. குழாயின் காற்று உள்ளே வராமல் அதுதான் தடுக்கிறது. யாரும் புழங்காத வீட்டில் அந்தத் தண்ணீர் காய்ந்துபோகும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் போய்ப் பாருங்கள். வாடை போயிருந்தால் சரி. ஈர மண் வாடை, பூஞ்சை வாடை என்றால் அது ஓதம், அதாவது சுவரிலோ தரையிலோ ஊறி நிற்கும் ஈரம். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் விடக்கூடாது.

புது வீட்டில் நான் அதிக நேரம் செலவிடுவது குளியலறையில்தான். மற்றக் குறைகளைக் குடியிருந்துகொண்டே சரிசெய்யலாம். குளியலறைத் தரைக்கு அடியில் போட்ட நீர்த்தடுப்புப் பூச்சு தவறினால், டைல்ஸ் முழுவதையும் உடைத்து எடுக்காமல் வழியில்லை. அதுவும் உங்கள் ஒழுகல் கீழ்வீட்டுக்காரர் கூரையில்தான் தெரியும், மேல்வீட்டு ஒழுகல் உங்கள் கூரையில். சண்டையும் அங்கேதான் தொடங்கும். இதற்கு எளிய சோதனை இருக்கிறது. தண்ணீர் போகும் வாயை அடைத்து, கதவுப் படியைத் தாண்டாத அளவுக்குத் தரை முழுவதும் தண்ணீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். தண்ணீர் மட்டம் எங்கே இருந்தது என்று சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் கீழ்வீட்டின் கூரையையும், குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் இருக்கும் அறையின் அடிப்பகுதியையும், கதவு நிலையின் கால்களையும் தொட்டுப் பாருங்கள். உங்களுக்கு நேர் மேலே இருக்கும் வீட்டிலும் இதே நாளில் இதைச் செய்யச் சொல்லுங்கள். இப்போது எல்லா வீட்டுச் சாவியும் பில்டரிடமே இருப்பதால் இது ஒரு நாள் வேலை. எல்லோரும் குடிவந்த பிறகு மேல்வீட்டுக்காரரிடம் போய் "உங்கள் குளியலறையில் ஒரு நாள் தண்ணீர் கட்டி வையுங்கள்" என்று கேட்க முடியுமா?

சோதனை முடிந்து அடைப்பை எடுக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது, எங்கே தேங்கி நிற்கிறது? மூலையில் குளம் போல நின்றால் வாட்டம் சரியில்லை. மெதுவாகக் களகளவென்று இறங்கினால் குழாய்க்குள் சிமெண்ட் கழிவு இறுகியிருக்கலாம். வேலை நடக்கும்போது கலவை கலந்த கையோடு அதே வாயில் கை கழுவி, சட்டியைக் கழுவி ஊற்றிவிடுவார்கள். குழாயின் வளைவில் அது கல்லாகிப்போய், குடிவந்த சில மாதத்தில் அடைக்கும். அடைத்ததும் "நீங்கள் என்னத்தைப் போட்டீர்கள்" என்று உங்களையே கேட்பார்கள். இப்போதே ஒவ்வொரு வாயிலும் இரண்டு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிப் பாருங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து தண்ணீர் வேகம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள், முள் நகர்ந்தால் சுவருக்குள் எங்கோ கசிகிறது. ஒவ்வொரு பிளக் பாயிண்ட்டிலும் எர்த் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். மின்சாரப் பெட்டியில் கசிவு மின்சாரத்தைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி இருக்க வேண்டும். மனித உயிரைக் காப்பதற்கானது 30 மில்லி ஆம்பியருக்குள் துண்டிப்பதாக இருக்கும், அந்த எண் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். பால்கனிக் கம்பிகளுக்கு இடையில் 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்று பல நாட்டு விதிகள் சொல்கின்றன, குழந்தையின் தலை நுழையக் கூடாது என்பதற்காக. டைல்ஸை நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். வெற்றுச் சத்தம் வரும் இடத்தில் அடியில் கலவை நிறையவில்லை. ஓரத்தில் ஒன்றிரண்டு என்றால் எழுதி வைத்தால் போதும், நடக்கிற இடத்தில் வரிசையாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கதவுகளைப் பாதியில் திறந்து கையை எடுங்கள். தானாக ஓடினால் நிலை தூக்குக்குண்டுக்கு நேராக இல்லை. ஜன்னல்களின் வெளிப்படி வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். சன்ஷேடின் அடியில், விளிம்பை ஒட்டி ஒரு பள்ளக் கோடு இழுத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மழைநீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். மழை பெய்த மறுநாள் போக வாய்த்தால் அதைவிட நல்ல நாள் கிடையாது.

அறைகளை அளந்து, ஒப்பந்தத்தில் இணைத்த வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். அலமாரியும் கட்டிலும் அளவு பார்த்து வாங்கப் போகிறீர்கள், எப்படியும் அளக்கத்தான் வேண்டும். என்ன டைல்ஸ், என்ன குழாய், எந்தக் கம்பெனி சுவிட்ச் என்று ஒப்பந்தத்தில் ஒரு பட்டியல் இருக்கும். மாதிரி வீட்டில் பார்த்தது கணக்கில் வராது, அந்தப் பட்டியலில் இருப்பதுதான் உங்களுக்கு உரியது. "அல்லது அதற்கு இணையான" என்ற வார்த்தை பக்கத்திலேயே இருக்கும். இணையானது என்று எதைப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதிக் கேளுங்கள்.

போகும் நேரமும் முக்கியம். பகலில் ஒருமுறை முழுதாகப் பாருங்கள். மாலையில் இருட்டியதும் ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் ஒளி அடியுங்கள். பகலில் கண்ணாடி போலத் தெரிந்த சுவரில் மேடும் பள்ளமும் ஒட்டுப்போட்ட இடமும் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். சமீபத்தில் எங்கே பட்டி பார்த்திருக்கிறார்கள் என்பதும் அதிலேயே வந்துவிடும்.

இவ்வளவையும் உங்களால் செய்ய முடியும் என்றாலும், வெளியிலிருந்து ஒரு பொறியாளரைக் கூட்டிப் போகச் சொல்கிறேன். பில்டரோடு தொழில் தொடர்பு இல்லாதவராக, வீடு வாங்கும் நேரத்தில் சோதனை செய்து பழகியவராக இருக்க வேண்டும். ரசமட்டம், ஈரம் அளக்கும் கருவி, மின் சோதனைக் கருவி மூன்றும் இல்லாமல் வருபவர் வேண்டாம். போவதற்கு முன்பே கேளுங்கள்: அறிக்கை எப்படித் தருவீர்கள்? "பொதுவாக நன்றாக இருக்கிறது, சில சிறு குறைகள்" என்று ஒரு பக்கம் எழுதித் தருபவரால் உங்களுக்குப் பயனில்லை. ஒவ்வொரு குறைக்கும் எந்த அறை, எந்தச் சுவர், போட்டோ, என்ன செய்ய வேண்டும் என்று வரிசை எண்ணோடு வர வேண்டும். அதைத்தான் பில்டரின் மேற்பார்வையாளர் கையில் வைத்துக்கொண்டு ஆட்களை ஏவ முடியும். வெளியாளை உள்ளே விட மாட்டோம் என்று அவர்கள் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள், அனுமதித்துவிடுவார்கள்.

பில்டருக்கு எப்படி எழுதுவது என்றுதான் பலரும் தயங்குகிறார்கள். கோபமோ கெஞ்சலோ வேண்டாம். கீழே உள்ளதை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"தங்கள் கடிதம் கிடைத்தது. கடைசித் தவணையைச் செலுத்தத் தயாராக இருக்கிறோம். ஒப்படைப்புக்கு முன் எங்கள் பொறியாளருடன் வீட்டை முழுமையாகப் பார்க்க இந்த வாரத்தில் ஒரு முழு நாள் ஒதுக்கித் தரவும். அன்று தண்ணீரும் மின்சாரமும் இருக்க வேண்டும். எங்கள் குளியலறையிலும் நேர் மேல் வீட்டுக் குளியலறையிலும் முந்தைய நாளே தண்ணீர் கட்டி வைக்கவும். படுக்கையறை ஜன்னலுக்கு மேல் உள்ள விரிசலை அதுவரை மூட வேண்டாம். பார்வை முடிந்த மூன்று நாளில் குறைகளின் பட்டியலைத் தருகிறோம். அவற்றைச் சரிசெய்யும் தேதிகளை ஒப்புக்கொண்டதும் ஒப்படைப்பை முடித்துக்கொள்ளலாம்."

இந்தக் கடிதம் அந்தப் பத்து நாளுக்குள் போய்ச் சேர வேண்டும், போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியும் வேண்டும். முதல் வரியில் பணம் கட்டத் தயார் என்று இருப்பது முக்கியம். பின்னால் பிரச்சினை வந்தாலும் நீங்கள் தவணையை ஏய்த்தவர் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒப்படைப்பு நாளில் ஒரு தாளை நீட்டுவார்கள். "வீட்டை முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற பாணியில் ஒரு வரி அதில் இருக்கும். சாவி மேசையில் இருக்கும், குடும்பமே சந்தோஷமாக நிற்கும், எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நீங்கள் அந்த வரியை அடித்துவிட்டு, "இணைப்பில் உள்ள குறைகள் நீங்கலாகப் பெற்றுக்கொண்டோம். அவற்றை அதில் குறிப்பிட்ட தேதிகளுக்குள் சரிசெய்து தர நிறுவனம் ஒப்புக்கொள்கிறது" என்று எழுதி, பட்டியலை இணைத்து, இரண்டு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடச் செய்யுங்கள். அச்சடித்த தாளில் மாற்ற முடியாது என்பார்கள். தாராளமாக முடியும், தனித் தாளில் எழுதிச் சேர்த்தாலும் போதும்.

மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்பதும் உங்கள் கடிதத்தில் மறைவாக இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் சொல்வதன் பின்னால் இருப்பது பகைத்துக்கொள்ளக் கூடாது என்ற அக்கறை. மேற்பார்வையாளர்கள் பலரோடு பேசிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், தினம் ஒரு குறையாகப் போன் செய்பவரைத்தான் அவர்களுக்குப் பிடிக்காது. முழுப் பட்டியலையும் ஒரே தடவையில், தெளிவாக, ஆட்கள் அங்கே இருக்கும்போதே கொடுப்பவர் அவர்களுக்கு வேலையைச் சுலபமாக்குகிறார். சோதனை நாளன்று மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டைல்ஸைத் தட்டும் வேலையை அவரிடம் கொடுங்கள். வெற்றுச் சத்தத்தைத் தன் காதால் கேட்டுவிட்டால் அப்புறம் அவரே பேசுவார்.

சாவியோடு சேர்த்து வாங்க வேண்டிய தாள்களும் உண்டு: குடியேறலாம் என்ற சான்று, நீர்த்தடுப்பு வேலைக்கும் ஜன்னல், பம்பு, லிஃப்ட் போன்றவற்றுக்குமான உத்தரவாதங்கள், சுவருக்குள் குழாயும் ஒயரும் போகும் வழியைக் காட்டும் வரைபடம். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. குடிவந்த பிறகு ஒரு படம் மாட்ட ஆணி அடித்துக் குழாயில் ஓட்டை விழும்போதுதான் அது ஞாபகம் வரும்.

குடிவந்த பிறகு முதல் ஒரு வருடம் வீடு காய்ந்துகொண்டுதான் இருக்கும். ஜன்னல்களைத் தினமும் கொஞ்ச நேரமாவது திறந்து வையுங்கள். வெளிச்சுவரோடு அலமாரியை ஒட்டி வைக்காமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் பூஞ்சை பிடிக்கும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், மேலே பெயிண்ட் அடிக்காதீர்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பூத்தால் அங்கே தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், எழுதி அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் குறை சரிசெய்யும் காலம் எப்போது முடிகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்பாக அதே பொறியாளரை மறுபடி அழைத்து இரண்டாவது பட்டியல் எடுத்துக் கொடுங்கள். ஜன்னல் மூலையில் பென்சிலால் போட்ட கோட்டையும் அப்போது அவர் பார்க்கட்டும். உள்சுவருக்கு விலை கூடிய பெயிண்டும் சுவர்த்தாளும் அந்தப் பட்டியலில் உள்ள வேலைகள் முடிந்த பிறகு செய்துகொள்ளலாம்.